வடக்கு கோலுக்குப் பின்னால் ஹென்னியின் கிணறு

வெஸ்டர்லுண்டில் நூற்று நாற்பத்திரண்டு வீடுகள். ஒரு சர்ச், ஒரு கால்பந்து மைதானம், மூடிக் கிடக்கிற ஒரு கடை. எல்லா வீட்டுக் குழாயிலும் வருவது ஹென்னி லௌகெசனின் தண்ணீர். அவள் அப்படிச் சொல்ல மாட்டாள். கிணறு ஊர்க்காரர்கள் அத்தனை பேருக்கும் சொந்தம், நான் வெறுமனே பார்த்துக்கொள்கிறவள் என்பாள். ஆனால் பம்பு நின்றால் ஊரே போன் போடுவது அவளுக்குத்தான். அப்படியென்றால் அது அவளுடைய தண்ணீர்தான், இதில் வாதம் செய்ய என்ன இருக்கிறது.

இருபத்திரண்டு வருடம் அவள் பால் டேங்கர் ஓட்டினாள். எங்கள் மேற்கு யூட்லண்ட் பக்கத்தில் அவள் பின்பக்கமாக வண்டியை விட்டுத் திருப்பாத பண்ணை முற்றம் கிடையாது. பிறகு முதுகு மக்கர் செய்தது, வண்டியை விட்டாள். அந்த வருடம் மார்ச்சில் தண்ணீர்ச் சங்கத்தின் பொதுக்குழு. வழக்கம்போல் பன்னிரண்டு பேர் வந்திருந்தோம். அதில் ஏழு பேர் நிர்வாகிகள், மீதிப் பேர் கேக்குக்காக வந்தவர்கள். கிணற்றைப் பார்த்துக்கொண்டிருந்தவர் விலகுகிறார், அடுத்து யார் என்று தலைவர் பிரெபென் கேட்டான். எல்லோரும் காபிக் கோப்பைக்குள் பார்த்தோம். ஹென்னி அந்த நேரம் பார்த்துக் கழிப்பறைக்குப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது ஏகமனதாகத் தேர்வாகியிருந்தாள்.

“அஞ்சு நிமிஷம்தானடா போனேன்!” என்று கத்தினாள்.

“அடுத்த தடவ அடக்கிக்க” என்றான் பிரெபென்.

அவள் சிரித்தாள். ஹென்னி சிரித்தால் மேசை மேல் கரண்டிகள் நகரும். கோபித்துக்கொண்டு போய்விடுவாள் என்றுதான் நான் நினைத்தேன். அவளோ இன்னொரு துண்டு கேக் எடுத்துக்கொண்டு, “சரி, சாவி எங்க?” என்றாள்.

பிரெபென் யார் என்று சொல்லிவிடுகிறேன். நாலாயிரம் பன்றி வளர்க்கிறவன். அந்தப் பன்றிகளின் எருவைத் தொட்டியிலிருந்து உறிஞ்சி வயல்களில் அடிப்பது என் தொழில். என் பெயர் கார்ஸ்டன். என் வேலையைப் பற்றி விருந்துகளில் யாரும் விசாரிப்பதில்லை, நானும் சொல்வதில்லை.

பம்பு வீடு செங்கல் கட்டடம், கார் நிறுத்தும் கொட்டகை அளவுதான் இருக்கும். மைதானத்தின் வடக்கு கோல் கம்பத்திலிருந்து நாற்பது எட்டு. ஹென்னி அதைத் தன் சமையலறையை விடச் சுத்தமாக வைத்துக்கொண்டாள். தரைக்குப் பெயிண்ட் அடித்தாள். ஜன்னலுக்குத் திரைகூடத் தைத்து மாட்டினாள்.

“பம்புக்கு எதுக்கு ஹென்னி திரை?” என்றேன்.

“அது குளிக்கும்போது நீ எட்டிப் பாக்காம இருக்க.”

தண்ணீரை ஆய்வகத்துக்காரர் வருடா வருடம் வந்து புட்டிகளில் பிடித்துப் போவார். பதில் தாளில் வரும். முப்பத்தொன்று, முப்பத்தாறு, நாற்பத்திரண்டு, நாற்பத்தொன்பது. நைட்ரேட் லிட்டருக்கு ஐம்பது மில்லிகிராம் வரை போகலாம், அதைத் தாண்டக் கூடாது, அதுதான் சட்டம். நாற்பத்தொன்பதைப் பார்த்துவிட்டு நாங்கள் “மோசமில்லை” என்றோம். எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் புகழ்ச்சி கிடையாது. கல்யாணத்தன்று பெண்ணைப் பார்த்துக்கூட அதைத்தான் சொல்வோம். ஹென்னி மட்டும் தாளை இன்னொரு தடவை படித்துவிட்டு மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அடுத்த மார்ச்சில் ஐம்பத்து நான்கு வந்தது.

கூடவே நகராட்சியிலிருந்து கடிதம். மூன்று வருடம் அவகாசம். அதற்குள் ஐம்பதுக்குக் கீழே இறங்காவிட்டால் கிணற்றை சிமெண்டு ஊற்றி அடைத்துவிட்டு, டவுனிலிருந்து குழாய் இழுத்து இணைத்துவிடுவார்கள்.

டவுன் தண்ணீர் நல்ல தண்ணீர். அதை யாரும் மறுக்கவில்லை. சங்கத்தில் பாதிப் பேருக்கு அப்பாடா என்றுதான் இருந்தது. ஹென்னி மட்டும் மேசையில் கையை ஊன்றி எழுந்தாள்.

“கெணத்த மூடினா மண்ணுக்குள்ள எறங்கறது நின்னுடுமா? நிக்காது. நாம பாக்கறதுதான் நிக்கும். என் கெணத்த நான் குடுக்க மாட்டேன். எங்கேருந்து வருதுன்னு கண்டுபிடிக்கறேன்.”

“கண்டுபிடி, கண்டுபிடி” என்றான் பிரெபென். “ஆனா மொதல்ல இன்னொரு சாம்பிள் எடுத்துப் பாப்போம். அதுவரைக்கும் ஊர்ல வாயத் தொறக்க வேணாம். வீடு விக்கறவன் எல்லாம் வந்து நம்ம கழுத்த நெறிப்பான்.”

“ஊர்ல புட்டிப்பால் குடிக்கற கொழந்த ஒண்ணு இருக்கு, பிரெபென். மைபிரிட்டோட பொண்ணு. ஏழு வாரம் ஆகுது. உன் ரெண்டாவது சாம்பிள் வர்ற வரைக்கும் அது பால் குடிக்காம இருக்குமா?”

ஹென்னி காபியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினாள். காபியைப் பாதியில் வைப்பது எங்கள் ஊரில் அவசர ஊர்தி சங்கு ஊதுவது மாதிரி. நானும் பின்னாலேயே போனேன்.

சைக்கிளில் நாங்கள் போய்ச் சேர்வதற்குள் சேதி போய்ச் சேர்ந்திருந்தது. பிரெபென் வீட்டுக்காரியின் போன் சைக்கிளை விட வேகம். மைபிரிட்டின் புருஷன் எஸ்பென் அடுப்பு முன்னால் நின்றுகொண்டிருந்தான். டவுனில் மின்வேலை செய்கிறவன், எங்கள் அணியின் கோல் கீப்பர். பெரிய பாத்திரத்தில் தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது.

“கவலப்படாத ஹென்னி” என்றான். “இருபது நிமிஷமாக் கொதிக்குது. இன்னும் பத்து நிமிஷம் விட்டுட்டுத்தான் பால் கலக்கப் போறேன்.”

“அடுப்ப அணைப்பா!”

“ஏன்?”

“கொதிச்சா கிருமி சாகும். இது கிருமி இல்ல. தண்ணில கரைஞ்சு கெடக்கற உப்பு மாதிரி. சூப்ப சுண்ட விட்டா உப்பு ஏறுமா, எறங்குமா?”

எஸ்பென் பாத்திரத்தைப் பார்த்தான். மூன்று விரல் உயரத்துக்குத் தண்ணீர் குறைந்திருந்தது.

“ஏறும்” என்றான்.

“அப்ப நீ இவ்ளோ நேரமா என்ன காய்ச்சிக்கிட்டு இருக்க?”

மைபிரிட் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசற்படியில் நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை. ஹென்னி உடனே குரலை இறக்கினாள். குழந்தையின் கையைப் பிடித்து நகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள், உதட்டைப் பார்த்தாள்.

“ஆறு மாசத்துக்குக் கீழ இருக்கற கொழந்தைக்குத்தான் இதுல அவசர ஆபத்து. ரத்தம் பிராண வாயுவ சுமக்கறத இது கெடுத்துடும். அப்ப ஒதடும் நகமும் நீலம் பூக்கும். உன் பொண்ணப் பாரு, தக்காளி மாதிரி இருக்கா. ஆனாலும் இன்னிக்கே டாக்டர்கிட்டக் காட்டிடு. இனிமே பால் கலக்க வேற தண்ணி. இந்த வடிகட்டற ஜாடி எல்லாம் இதுக்கு உதவாது, அதையும் நம்பாத.”

“நாங்க குடிக்கலாமா?” என்றான் எஸ்பென்.

“பெரியவங்களுக்கு ஒடனே ஒண்ணும் ஆகாது. ஆனா வருஷக்கணக்காக் குடிச்சாக் குடல்ல புத்துநோய் வர வாய்ப்பு கூடும்னு ஆராய்ச்சி பண்றவங்க சொல்றாங்க. ஐம்பதுக்குக் கீழ இருந்தாக்கூட கொஞ்சம் கூடலாமாம். அதனால சட்டத்தக் காட்டி நான் உனக்கு சமாதானம் சொல்ல மாட்டேன். கொழந்தைக்கு டவுன் தண்ணி கார்ஸ்டன் கொண்டுவருவான்.”

நான் சம்மதம் சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை.

“அவரு டேங்கர்லயா?” என்று கேட்டாள் மைபிரிட்.

எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். பிறகு ஹென்னி சிரித்த சிரிப்பில் குழந்தை திடுக்கிட்டு அழுதது, அதன் பிறகு மைபிரிட்டும் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரும் வரை. என் காரில், புதுக் கேனில் என்று நான் மூன்று தடவை சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. சாயங்காலம் டாக்டர் பார்த்துவிட்டுக் குழந்தை நன்றாக இருக்கிறது என்றார். தெயா என்று பெயர் வைத்தார்கள். திங்களும் வியாழனும் இருபது லிட்டர், அவள் ரொட்டி கடிக்கத் தொடங்கும் வரை நான்தான் சுமந்தேன்.

இரண்டு நாளில் ஹென்னி நூற்று நாற்பத்திரண்டு கதவையும் தட்டிவிட்டாள். கர்ப்பமாக இருப்பவர்கள் யார், குழந்தையோடு விருந்துக்கு வரப்போகிற மகள் யார் என்று கேட்டுக் குறித்துக்கொண்டாள். எல்லோருமே நன்றி சொன்னார்கள் என்று சொல்ல முடியாது.

“எங்கப்பா இந்தத் தண்ணியக் குடிச்சுத்தான் தொண்ணூத்தொண்ணு வயசு வரைக்கும் இருந்தாரு” என்றார் ஒருவர்.

“அவரு குடிச்ச காலத்துல இது பத்து கூட இருந்திருக்காது. அதுவும் அவரு தண்ணி குடிச்சு நீ எப்பப் பாத்த? பீருதான குடிச்சாரு.”

அதன் பிறகு ஊர் என்னையும் பிரெபெனையும் பார்த்த பார்வை இருக்கிறதே. பன்றி, எரு, நைட்ரேட். மூன்றையும் சேர்த்துப் பார்க்கப் பெரிய படிப்பு வேண்டாம். சர்ச்சில் எனக்குப் பக்கத்துப் பெஞ்சு காலியாக இருந்தது. என் டேங்கரின் தூசியில் யாரோ விரலால் ‘போதும் கார்ஸ்டன்’ என்று எழுதியிருந்தார்கள். எழுத்துப் பிழை எதுவும் இல்லாததால் அது பள்ளி ஆசிரியைதான் என்று நினைக்கிறேன்.

ஹென்னி மட்டும் அப்படிப் பார்க்கவில்லை. பால் எடுக்கப் போன காலத்தில் போன மாதிரியே பண்ணை பண்ணையாகப் போய் உட்கார்ந்தாள். எந்த வயலில் எவ்வளவு போட்டாய், எப்போது போட்டாய். எங்கள் நாட்டில் விவசாயி ஒவ்வொரு கிலோ உரத்துக்கும் அரசுக்குக் கணக்கு எழுதித் தர வேண்டும், ஆகவே தாள்கள் எல்லாம் இருந்தன. எல்லாத் தாளும் சரியாக இருந்தது. கிணற்றை ஒட்டிய இரண்டு வயலில் நாலு வருடமாக எதுவும் போடுவதில்லை, அதுவும் அவள் கேட்டுக்கொண்டதற்காகத்தான் பிரெபென் நிறுத்தியிருந்தான்.

நகராட்சியிலிருந்து மண் படித்த ஒரு பெண் வந்து வரைபடத்தில் ஒரு முட்டை வரைந்தாள். உங்கள் கிணற்றுக்கு வரும் தண்ணீர் இந்த முட்டைக்குள் விழும் மழைதான், இங்கே மேலிருந்து கீழே வரை வெறும் மணல், போட்டது அப்படியே இறங்கிவிடும் என்றாள். இன்னும் ஆழமாகத் தோண்டலாமா என்று கேட்டோம். ஆழத்தில் தண்ணீர் தேநீர் நிறத்தில் இருக்கும் என்றாள். முட்டைக்குள் என்ன இருந்தது? பிரெபெனின் சும்மா கிடக்கிற இரண்டு வயல், பம்பு வீடு, கால்பந்து மைதானம். மைதானத்தில் யார் விவசாயம் செய்கிறார்கள்? ஆகவே அதை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து ஊர் அணி ஆட வந்தது. இரண்டு அணியும் கடைசிப் பிரிவு. அதற்குக் கீழே பிரிவு கிடையாது. ஹென்னி வழக்கம்போல் கிளப் கொட்டகையில் சாசேஜ் சுட்டுக்கொண்டிருந்தாள். இரண்டாவது பாதியில் அவர்கள் ஆள் ஒருவன் பந்தை நீளமாக உதைத்தான். பந்து புல்லில் விழுந்தது, அங்கேயே நின்றது.

“இது மைதானமா, மாட்டுக்கு வளக்கற புல்லா?” என்று அவர்கள் கேப்டன் கத்தினான். “பந்து கஞ்சில விழுந்த மாதிரி நிக்குது! எங்கூர்ல வாரம் ஒரு தடவதான்யா வெட்டுவோம்.”

“நாங்க மூணு தடவ வெட்டறோம்” என்று எங்கள் கிளப் தலைவர் வெர்னர் ஓரத்திலிருந்து பெருமையாகச் சொன்னார். வெர்னருக்கு அந்தப் புல் பிள்ளை மாதிரி.

ஹென்னி சாசேஜ் இடுக்கியைக் கையில் பிடித்தபடியே மைதானத்துக்குள் நடந்து போனாள். ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. அவள் நடுவில் குனிந்து ஒரு பிடி புல்லைப் பிடுங்கி முகர்ந்தாள். நடுவர் ஓடிவந்து அவளுக்கு மஞ்சள் அட்டை காட்டினார்.

“வச்சுக்க” என்றாள் அவள் அவரைப் பார்க்காமலே. “வெர்னர்! இவ்ளோ கரும்பச்சப் புல்ல நான் எருக்குழி ஓரத்துலதான் பாத்திருக்கேன். இதுக்கு என்ன போடற?”

“ஒண்ணும் போடல! கிளப் இன்னிய வரைக்கும் ஒரு மூட்ட உரம் வாங்குனதில்ல. எழுதிக் குடுக்கறேன். மண்ணு நல்ல மண்ணு, அவ்ளோதான்.”

“இங்க இருக்கறது மணலு, வெர்னர்.”

வெர்னர் பொய் சொல்லவில்லை. கிளப் ஒரு மூட்டைகூட வாங்கியதில்லை. நான் சாசேஜைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். எனக்குச் சட்டென்று பசி போய்விட்டது.

அடுத்த சனிக்கிழமை கிளப்பில் கூட்டுவேலை நாள். வருடத்தில் இரண்டு தடவை ஊர்க்காரர்கள் சேர்ந்து வேலி சரிசெய்வோம், கொட்டகைக்குப் பெயிண்ட் அடிப்போம், மத்தியானம் கறுப்பு ரை ரொட்டியும் ஊறுகாய் மீனும் பீரும். முப்பது பேர் இருந்தோம். எல்லோர் வாயிலும் ரொட்டி இருக்கும் நேரம் பார்த்து ஹென்னி பெஞ்சு மேல் ஏறி நின்றாள்.

“ஒரு கேள்வி. எல்லாரும் கண்ண மூடிக்கங்க. மூடு பிரெபென், உன்னையும்தான். இந்தப் புல்லுக்கு, யாருகிட்டயும் சொல்லாம, அன்பளிப்பா எதாவது போட்டவங்க கையத் தூக்குங்க.”

எங்கள் ஊர் ஆட்களைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கொடுப்போம். தாராளமாகக் கொடுப்போம். ஆனால் கொடுத்ததைச் சொல்ல மாட்டோம். சொன்னால் கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொண்ட மாதிரி. தன் பெயரைப் பலகையில் போடச் சொன்ன ஒருவனைப் பற்றி முப்பது வருடமாகப் பேசுகிறோம்.

நான் கையைத் தூக்கினேன். ஒவ்வொரு மார்ச்சிலும், ஊர் சர்ச்சில் இருக்கும் நேரத்தில், டேங்கரில் மீந்ததை மைதானத்தில் ஒரு சுற்று அடித்துவிட்டுப் போவேன். கிளப்புக்கு உரம் வாங்க வசதியில்லை, பாவம் என்று. மார்ச்சில் எங்கள் ஊர் முழுக்க நாறும், என் ஒரு சுற்றை எந்த மூக்கு கண்டுபிடிக்கும்?

கண்ணை மூடச் சொன்னாளே தவிர, எல்லோரும் ஓரக் கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். பக்கத்தில் பிரெபெனின் கை. அதற்கு அப்பால் இன்னொன்று. ஒன்பது கைகள்.

“பிரெபென்?”

“ஈஸ்டருக்கு முந்துன பெரிய வியாழக்கெழம” என்றான் அவன், காது சிவக்க. “நாலு மூட்ட. வருஷா வருஷம். அன்னிக்கு யாரும் வெளிய வர மாட்டாங்க.”

“நான் அதுக்கு மறுவாரம்” என்றான் கோதுமை போடுகிற இன்னொருவன்.

“வெர்னர்! நீயுமா?”

வெர்னர் தன் கையைத் தானே நம்பாதவர் மாதிரி பார்த்தார். “கிளப் வாங்கலன்னுதான சொன்னேன். நான் சொந்தமா ரெண்டு மூட்ட... தெக்கு மூலைல கொஞ்சம் வெளுத்த மாதிரி தெரிஞ்சுது.”

ஹென்னி பெஞ்சிலிருந்து இறங்கி உட்கார்ந்துவிட்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள், சத்தமே வராமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

“ஒம்போது பேரு! ஒரே துண்டு நெலம்! இத ஒரு வயல்ல போட்டிருந்தா உங்க ஒம்போது பேரையும் கோர்ட்டுல நிறுத்தியிருப்பாங்க. ஊரு பூரா திருடனத் தேடறேன், ஒம்போது வள்ளல் மாட்டறாங்க!”

கொட்டகையே சிரிப்பில் வெடித்தது. யாரோ பீரைக் கொட்டினார்கள். ஒருவன் மட்டும் சிரிக்கவில்லை. எஸ்பென். அவன் கையும் மேலேதான் இருந்தது. கோல் வாசலில் புல் தேய்கிறது என்று தன் கோழிகளின் எருவை வடக்கு கோல் முன்னால் மூன்று வருடமாகப் போட்டிருக்கிறான். கிணற்றுக்கு நாற்பது எட்டு.

“என் பொண்ணு குடிச்ச தண்ணில...” என்றான்.

ஹென்னி எழுந்து போய் அவன் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். “உன் கோழி எரு பாதி வாளி. இதோ இந்தத் தடியன் அடிச்சது ஒரு டேங்கர்” என்று என்னைக் காட்டினாள். “பொண்ணு நல்லா இருக்கா. யாரும் கெடுக்கணும்னு பண்ணல. இனிமே யாரும் எதையும் போடாதீங்க, அவ்ளோதான். ஒரு கைப்பிடி கூடக் கூடாது. புல்லு பட்டினி கெடக்கட்டும்.”

அன்றே முடிவு செய்தோம். மைதானத்துக்கு எதுவும் கிடையாது. வெட்டிய புல்லைக்கூட அங்கே விடாமல் அள்ளிப் போவது என் வேலை. பிரெபென் தன் பங்குக்கு இன்னும் ஒரு வயலைச் சும்மா விட்டான். சர்ச்சில் என் பக்கத்துப் பெஞ்சில் மறுபடி ஆட்கள் உட்கார்ந்தார்கள்.

அடுத்த சாம்பிள் ஐம்பத்தேழு.

“ஏறுதே!” என்று அலறினார் வெர்னர். அதற்குள் புல் மஞ்சளாகியிருந்தது, அவர் முகமும்தான்.

“நீங்க முன்னாடி போட்டது இப்பதான் வந்து சேருது. வரிசைல நிக்குது. வரிசை முடிய வேணாமா?” என்றாள் ஹென்னி. தைரியமாகத்தான் சொன்னாள். ஆனால் அந்தக் குளிர்காலத்தில் அவள் மைதானத்து ஓரமாகத் தனியாக நடப்பதை நான் பல தடவை பார்த்தேன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மண்ணைப் பார்த்துக்கொண்டு. நகராட்சி தந்த மூன்று வருடத்தில் ஒன்று போய்விட்டது.

ஐம்பத்தைந்து. அரை வருடம் கழித்து ஐம்பத்து மூன்று. அதற்குப் பிறகும் ஐம்பத்து மூன்று. பிறகு ஐம்பத்தொன்று. மைதானத்தில் அங்கங்கே மணல் தெரிந்தது. பந்து இப்போது நன்றாக உருண்டது. பெரும்பாலும் எங்கள் கோலுக்குள்.

கடைசிச் சாம்பிளை பிப்ரவரி முடிவில் எடுத்தார்கள். பதில் பொதுக்குழு நடக்கிற அன்று சாயங்காலம் ஏழு மணிக்குள் போனில் வரும் என்று ஆய்வகத்தில் சொன்னார்கள். பன்னிரண்டு பேர் வரும் கூட்டத்துக்கு அன்று தொண்ணூற்றாறு பேர் வந்தார்கள். நாற்காலி போதவில்லை, சர்ச்சிலிருந்து பெஞ்சு தூக்கிவந்தோம். கேக்கை எவ்வளவு மெல்லியதாக வெட்ட முடியும் என்று பெண்கள் அன்று நிரூபித்தார்கள், என் துண்டின் வழியாக பிரெபெனைப் பார்க்க முடிந்தது.

பிரெபென் ஆண்டறிக்கை வாசித்தான். ஒருவரும் கேட்கவில்லை. எல்லோரும் ஹென்னியின் முன்னால் கிடந்த போனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஏழு ஆனது. ஏழு பத்து. பிரெபென் வாசித்து முடித்துவிட்டு, வேறு வழியில்லாமல் மறுபடி முதல் பக்கத்திலிருந்து தொடங்கினான்.

போன் அடித்தது.

ஹென்னி எடுத்தாள். “ம்” என்றாள். “ம்.” பிறகு, “இன்னொரு தடவ சொல்லும்மா, எனக்குக் காது அடைக்குது.” காகிதத் துடைப்பானில் ஏதோ எழுதினாள். நன்றி சொல்லி வைத்தாள். மைபிரிட் தெயாவை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள், குழந்தை இறங்க முண்டிக்கொண்டிருந்தது.

“நாப்பத்தேழு” என்றாள் ஹென்னி.

யாரும் கை தட்டவில்லை. நாங்கள் அப்படித்தான். பிறகு பின்வரிசையிலிருந்து வெர்னர் “மோசமில்ல” என்றார். அதன் பிறகு போட்ட சத்தத்தில் கூரையே போய்விட்டது. பிரெபென் என்னைக் கட்டிப்பிடித்தான். முப்பது வருடப் பழக்கத்தில் கை குலுக்கியதைத் தவிர நாங்கள் தொட்டுக்கொண்டதே கிடையாது, இரண்டு பேருக்கும் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

ஹென்னி கண்ணைத் துடைத்துக்கொண்டு கரண்டியால் கோப்பையைத் தட்டினாள்.

“கெணறு நம்மளோடது. அது முடிஞ்சுது. இப்ப ஒக்காருங்க, நான் இன்னும் முடிக்கல. நாப்பத்தேழு சட்டத்துக்குப் போதும், எனக்குப் போதாது. ஒரு மழைக்கால ஏத்த எறக்கத்துல மறுபடி ஐம்பத்தத் தாண்டிடும். இருபதுக்குக் கீழ வரணும். அதுக்கு மைதானத்துல வடக்குப் பாதி எனக்கு வேணும். மரம் வைக்கப் போறேன். மரத்துக்கு யாரும் உரம் போட மாட்டீங்க, மண்ணுல மீந்ததையும் வேரு உறிஞ்சிக்கும்.”

வெர்னர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். “பாதியா? ஹென்னி, பாதி மைதானத்துல எப்படி ஆடறது? புல்லத்தான் பட்டினி போட்ட, இப்ப ஆட்டத்தையும் வெட்டறியா?”

“வெர்னர்” என்றான் எஸ்பென். “போன ஞாயித்துக்கெழம நாம எத்தன பேரு வந்தோம்?”

“எட்டு.”

“அதுக்கு முந்துன வாரம்?”

“எட்டு. நீ கண்ணாடியப் போடாம வந்த, ஏழரைன்னு வச்சுக்க.”

“ஏழு பேரு ஆடற பிரிவு ஒண்ணு இருக்கு. அதுக்குப் பாதி மைதானம் போதும். ஒருத்தன் வெளிய ஒக்காரலாம். நமக்கு மாத்தாட்டக்காரன் இருந்ததே கெடையாது, யோசிச்சுப் பாரு.”

வெர்னர் யோசித்தார். நெடுநேரம் யோசித்தார். தொண்ணூற்றாறு பேர் காத்திருந்தோம்.

“மாத்தாட்டக்காரன்” என்றார் மெல்ல, அந்தச் சொல்லைச் சப்பிப் பார்ப்பது மாதிரி. “வெளிய ஒக்காருறவனுக்கு ஒரு பெஞ்சு வேணும்.”

“பெஞ்சு நான் செஞ்சு தரேன்” என்றான் பிரெபென். பிறகு கொடுப்பதை வாய்விட்டுச் சொல்லிவிட்டதை உணர்ந்து தலையைக் குனிந்துகொண்டான்.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை அறுபது பேர் மண்வெட்டியோடு வந்தோம். ஓக்கும் பிர்ச்சும், முழங்கால் உயரக் கன்றுகள். ஹென்னி இரண்டு பக்கமும் முளை அடித்துக் கயிறு கட்டியிருந்தாள், கையில் அளவு குச்சி. முதுகு வலியில் குனிய முடியாததால் நின்றுகொண்டே எல்லோரையும் திட்டினாள். நான் முப்பத்தொரு கன்று வைத்தேன். நான்கைப் பிடுங்கி மறுபடி வைக்கச் சொன்னாள்.

“நேரா வை கார்ஸ்டன். அது மரம், உன் டேங்கர் இல்ல, சாய்ச்சு நிறுத்த.”

“வளந்தா தானா நேராயிடும்.”

“நீ ஆகலையே.”

பக்கத்தில் தெற்குப் பாதியில் எங்கள் ஏழு பேரும் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். எட்டாவது ஆள் புதுப் பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். தெயா ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு கன்றையும் தொட்டுத் தொட்டு நடந்தாள், எண்ணுகிறாளாம், நாலுக்கு அப்புறம் எப்போதும் பத்து. ஹென்னி அவளைத் திருத்தவில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு அடுத்த வரிசைக்கு நகர்ந்தாள், நாங்களும் நகர்ந்தோம்.